விஸ்டாவிலிருந்து எக்ஸ்பிக்கு: பின்னோக்கி நடந்தவர்களின் வரலாறு

புதிதாக ஒன்று வந்தால் பழையதைக் கைவிடுவது பொதுவான வழக்கம். கணினி விஷயத்தில் இது இன்னும் வேகமாக நடக்கும். ஆனால் 2007ஆம் ஆண்டில் இதற்கு நேர்மாறான ஒன்று நடந்தது. கடையில் புதுக் கணினி வாங்கி வந்தவர்கள், அதில் இருந்த புத்தம் புதிய விண்டோஸ் விஸ்டாவை அழித்துவிட்டு, 2001இல் வெளிவந்த விண்டோஸ் எக்ஸ்பியைத் தேடிப் பிடித்து நிறுவினார்கள். சிலர் அதற்காகக் கூடுதல் பணமும் கொடுத்தார்கள். வீட்டில் கணினி வைத்திருந்தவர்கள் மட்டுமல்ல, பெரிய பெரிய நிறுவனங்களும் இந்தப் பக்கம்தான் நின்றன.

இதற்கு 'டவுன்கிரேடு' என்று பெயர். கீழே இறங்குவது என்று அர்த்தம். ஆனால் அப்படிச் செய்தவர்கள் யாரும் கீழே இறங்கியதாக நினைக்கவில்லை. கணினி பழையபடி வேகமாக ஓடுகிறதே என்று நிம்மதி அடைந்தார்கள். இது வெறும் பழமைப் பிடிப்பா, நியாயமான முடிவா? காசு கொடுத்து வாங்கிய கணினியில் எந்த இயங்குதளம் ஓட வேண்டும் என்று முடிவு செய்வது வாங்கியவரா, விற்றவரா? விஸ்டாவும் எக்ஸ்பியும் மோதிக்கொண்ட அந்தச் சில ஆண்டுகளின் வரலாறு இந்தக் கேள்விக்கு ஒரு நல்ல பாடம்.

எக்ஸ்பி எப்படிப் பிடித்துப்போனது?

விண்டோஸ் எக்ஸ்பி 2001 அக்டோபர் 25 அன்று வெளியானது. அதற்கு முன்பு மைக்ரோசாஃப்ட் இரண்டு தனித்தனி வரிசைகளை விற்று வந்தது. வீட்டுக்கு 95, 98, மி என்று ஒரு வரிசை. அலுவலகத்துக்கு என்டி, 2000 என்று இன்னொரு வரிசை. வீட்டு வரிசை அடிக்கடி உறைந்து நின்றுவிடும். அலுவலக வரிசை உறுதியானது, ஆனால் விளையாட்டுகளும் வீட்டு உபகரணங்களும் அதில் சரியாக ஓடாது. இரண்டையும் என்டி அடித்தளத்தின் மேல் ஒன்றாக்கியதுதான் எக்ஸ்பி.

எக்ஸ்பியைத் தொடக்கத்திலேயே எல்லோரும் கொண்டாடவில்லை. குறைந்தது 64 எம்பி நினைவகம் வேண்டும், 128 எம்பி இருந்தால் நல்லது என்றபோது, அன்றைய பழைய கணினிக்காரர்களுக்கு அது பாரமாகத் தெரிந்தது. நிறுவிய 30 நாட்களுக்குள் இணையம் வழியாகவோ தொலைபேசி வழியாகவோ 'ஆக்டிவேட்' செய்ய வேண்டும் என்ற புது விதியும் எரிச்சல் மூட்டியது. பலர் 98லேயே தங்கிவிட்டார்கள். 2000ஆம் ஆண்டு செப்டம்பரில் வந்த விண்டோஸ் மி சரியில்லாமல் போனதால் 98 இரண்டாம் பதிப்புக்குத் திரும்பியவர்களும் உண்டு. 98க்கான ஆதரவு 2004 ஜனவரியில் முடிவதாக இருந்து, பிறகு 2006 ஜூலை வரை நீட்டிக்கப்பட்டது. ஆக, பழையதை விடாமல் பிடித்துக்கொள்வது விஸ்டா காலத்தில் பிறந்த பழக்கம் இல்லை.

எக்ஸ்பியின் பெரிய பலவீனம் பாதுகாப்பு. நிறுவும்போது உருவாக்கும் பயனர் கணக்குக்கு முழு அதிகாரமும் கிடைத்துவிடும். அந்தக் கணக்கில் ஓடும் எந்த நிரலும், அது வைரஸாகவே இருந்தாலும், கணினியில் எதையும் மாற்றலாம். 2003 ஆகஸ்டில் 'பிளாஸ்டர்' என்ற புழு பரவியது. தாக்கப்பட்ட கணினியின் திரையில் 60 நொடிக் கவுண்ட்டவுன் வரும், பிறகு கணினி தானாக அணைந்து மீண்டும் தொடங்கும். எக்ஸ்பியை அழித்துப் புதிதாகப் போட்டு, திருத்தக் கோப்பைத் தரவிறக்கலாம் என்று இணையத்தில் இணைந்தால், தரவிறக்கி முடிப்பதற்குள் புழு மறுபடி நுழைந்துவிடும். 2004இல் 'சாஸர்' வந்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் வந்த சர்வீஸ் பேக் 2தான் நிலைமையை ஓரளவு சரிசெய்தது. தீச்சுவர் தானாகவே இயங்கும்படி அதில்தான் வைத்தார்கள்.

அடுத்த பதிப்பு வர ஐந்து ஆண்டுக்கு மேல் ஆகிவிட்டதால் எக்ஸ்பிக்குப் பழுக்க நேரம் கிடைத்தது. எல்லாப் பிரிண்டருக்கும் ஸ்கேனருக்கும் டிரைவர் வந்துவிட்டது. கணினிகளின் வேகம் எக்ஸ்பியின் தேவையைத் தாண்டிப் போய்விட்டது. 2006 வாக்கில் எக்ஸ்பி கணினி என்றால் பழகிய, வேகமான, பிரச்சினை தராத கணினி என்றே பொருளாகிவிட்டது.

விஸ்டா ஏன் சறுக்கியது?

'லாங்ஹார்ன்' என்ற குறிப்புப் பெயரில் தொடங்கிய அடுத்த பதிப்பு 2003 வாக்கிலேயே வருவதாக இருந்தது. வசதிகளைச் சேர்த்துக்கொண்டே போனதில் வேலை கட்டுக்கடங்காமல் போனது. ஒருபுறம் பிளாஸ்டர் போன்ற தாக்குதல்கள் வந்ததால், பொறியாளர்கள் எக்ஸ்பியைப் பாதுகாக்கும் வேலைக்குத் திருப்பப்பட்டார்கள். 2004 ஆகஸ்டில் அதுவரை எழுதியதில் பெரும்பகுதியை ஒதுக்கிவிட்டு, விண்டோஸ் சர்வர் 2003இன் நிரலை அடித்தளமாக வைத்து மறுபடி தொடங்கினார்கள். கடைசியில் நிறுவனங்களுக்கு 2006 நவம்பர் 30 அன்றும், பொதுமக்களுக்கு 2007 ஜனவரி 30 அன்றும் விஸ்டா வெளியானது.

விஸ்டாவில் மாறியவற்றில் பல, எக்ஸ்பியின் குறைகளுக்கு மருந்தாக வந்தவை என்பதை மறந்துவிடக் கூடாது. முழு அதிகாரக் கணக்கின் ஆபத்தைத் தடுக்கத்தான் 'யூசர் அக்கவுண்ட் கண்ட்ரோல்' வந்தது. ஏதாவது ஒரு நிரல் கணினியின் அமைப்பை மாற்ற முயன்றால் திரை மங்கி, அனுமதி கேட்கும் பெட்டி வரும். அன்றைய நிரல்களில் பல, முழு அதிகாரம் இருக்கும் என்ற நினைப்பிலேயே எழுதப்பட்டவை. அதனால் தொட்டதற்கெல்லாம் பெட்டி வந்தது. எரிச்சலில் பலர் அந்த வசதியையே நிறுத்தி வைத்தார்கள். மருந்து கசந்ததால் துப்பிவிட்ட கதை.

திரைக்காட்சி டிரைவர்களின் அமைப்பும் முழுதாக மாற்றப்பட்டது. கிராஃபிக்ஸ் டிரைவர் செயலிழந்தால் மொத்தக் கணினியும் விழுந்துவிடக் கூடாது என்பது நோக்கம். ஆனால் வன்பொருள் நிறுவனங்கள் புது டிரைவர்களை அவசர அவசரமாக எழுதின. பின்னாளில் நீதிமன்ற ஆவணங்கள் வழியாக வெளிவந்த மைக்ரோசாஃப்டின் கணக்குப்படி, 2007இல் பதிவான விஸ்டா முடக்கங்களில் சுமார் 29 சதவீதத்துக்கு என்விடியா டிரைவர்களே காரணம்.

இதோடு பசியும் அதிகம். எக்ஸ்பிக்கு 128 எம்பி போதுமென்றால், விஸ்டாவின் அடிப்படைப் பதிப்புக்கே 512 எம்பி வேண்டும், மற்றவற்றுக்கு 1 ஜிபி. வன்தட்டில் 15 ஜிபி காலியிடம் தேவை. 512 எம்பி கணினியில் விஸ்டாவைப் போட்டால் வன்தட்டின் விளக்கு அணையாமல் மின்னிக்கொண்டே இருக்கும். அதே கணினியில் எக்ஸ்பியைப் போட்டால் பறக்கும். இந்த ஒப்பீட்டை எந்த விளம்பரத்தாலும் மறைக்க முடியவில்லை.

ஒரு ஸ்டிக்கரின் கதை

விஸ்டா வருவதற்கு முன்பே, 2006ஆம் ஆண்டிலேயே, கடைகளில் இருந்த எக்ஸ்பி கணினிகளில் 'விஸ்டா கேபபிள்' என்ற ஸ்டிக்கர் ஒட்டப்பட்டது. இந்தக் கணினி விஸ்டாவுக்குத் தாங்கும் என்ற உத்தரவாதம் அது. ஆனால் அவற்றில் பலவற்றில் விஸ்டாவின் அடிப்படைப் பதிப்பு மட்டுமே ஓடியது. கண்ணாடி போன்ற ஏரோ தோற்றம் வரவில்லை.

இதை எதிர்த்து 2007இல் அமெரிக்காவின் சியாட்டில் நகரக் கூட்டாட்சி நீதிமன்றத்தில் வழக்குத் தொடரப்பட்டது. 2008 பிப்ரவரியில் நீதிபதி அதைப் பலர் சார்பான கூட்டு வழக்காக ஏற்றுக்கொண்டார். அப்போது நிறுவனத்தின் உள் மின்னஞ்சல்கள் வெளிச்சத்துக்கு வந்தன. இன்டெலின் 915 சிப்செட் புது டிரைவர் அமைப்புக்குப் பொருந்தாதது. அதைக் கொண்ட கணினிகளுக்கும் ஸ்டிக்கர் கிடைக்கும்படி விதி தளர்த்தப்பட்டது என்று ஓர் அதிகாரியே எழுதியிருந்தார். துணைத் தலைவர்களில் ஒருவரான மைக் நாஷ், தான் 2,100 டாலர் கொடுத்து வாங்கிய மடிக்கணினி மின்னஞ்சல் பார்க்க மட்டுமே உதவுகிறது என்று புலம்பியிருந்தார். 2009 பிப்ரவரியில் கூட்டு வழக்கு என்ற தகுதியை அதே நீதிமன்றம் நீக்கிவிட்டது. வழக்கு பலன் தரவில்லை. ஆனால் கடையில் வாங்கியவர்கள் பட்ட அவதி கற்பனை இல்லை என்பது, விற்றவர்களின் எழுத்திலேயே பதிவாகிவிட்டது.

திரும்பிப் போக யாருக்கு உரிமை?

பழைய பதிப்புக்குத் திரும்புவது திருட்டுத்தனமான காரியம் என்று பலர் நினைத்தார்கள். உண்மையில் அது உரிம ஒப்பந்தத்திலேயே எழுதப்பட்டிருந்த உரிமை. எக்ஸ்பி புரொஃபஷனல் வாங்கியவர்களுக்கு விண்டோஸ் 2000க்குத் திரும்பும் உரிமை முன்பே இருந்தது. அதேபோல, கணினியுடன் விஸ்டா பிசினஸ் அல்லது அல்டிமேட் பதிப்பைப் பெற்றவர்கள் எக்ஸ்பி புரொஃபஷனலைச் சட்டப்படி போட்டுக்கொள்ளலாம்.

சிக்கல் என்னவென்றால், சாதாரண வீடுகளுக்கு வந்த கணினிகளில் இருந்தது ஹோம் பேசிக் அல்லது ஹோம் பிரீமியம். இந்த இரண்டுக்கும் அந்த உரிமை கிடையாது. அதாவது குறைந்த விலையில் குறைந்த நினைவகத்துடன் கணினி வாங்கியவர், விஸ்டாவால் அதிகம் அவதிப்பட்டவர், அவருக்குத்தான் திரும்பிப் போக வழி இல்லை. அவர் கடையில் எக்ஸ்பியைத் தனியாகக் காசு கொடுத்து வாங்க வேண்டும். நடைமுறையில் பலர் திருட்டு சிடியைத் தேடிப் போனார்கள். யாரோ மாற்றியமைத்த அந்த சிடிக்குள் இன்னும் என்னென்ன இருக்கிறது என்பது போட்டவருக்கே தெரியாது.

உரிமை இருந்தவர்களுக்கும் எக்ஸ்பி சிடி தானாக வந்துவிடாது. கணினி நிறுவனம் கொடுத்தால் உண்டு, இல்லாவிட்டால் தானே ஓர் அசல் சிடிக்கு ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும். சில நிறுவனங்கள் தொழிற்சாலையிலேயே எக்ஸ்பியைப் போட்டுக் கொடுத்து அதற்குத் தனிக் கட்டணம் வாங்கின. 59.25 டாலர் கட்டணம் கட்டிய ஒருவர், 2009 பிப்ரவரியில் மைக்ரோசாஃப்ட் மேல் வழக்கே தொடர்ந்தார். பழையதைப் பெறப் புதியதற்கும் சேர்த்துப் பணம் கட்ட வேண்டிய வினோத நிலை அது.

சிடியைப் போட்டதும் முடிந்துவிடாது

எக்ஸ்பியைத் திரும்ப நிறுவியது எப்படிப்பட்ட வேலை என்பதை அறிந்தால்தான், எவ்வளவு வெறுத்துப்போய் இந்த வேலையில் இறங்கினார்கள் என்பது புரியும்.

முதல் தடை, புதியதிலிருந்து பழையதற்கு நேராக இறங்கும் வழியே கிடையாது. கோப்புகளை வேறு இடத்தில் சேமித்துவிட்டு, வன்தட்டைத் துடைத்துப் புதிதாகத்தான் போட வேண்டும். அடுத்தது வன்தட்டு. புது மடிக்கணினிகளில் சாட்டா வன்தட்டு 'ஏஹெச்சிஐ' என்ற முறையில் இயங்கியது. அதற்கான டிரைவர் விஸ்டாவில் உண்டு, எக்ஸ்பி சிடியில் இல்லை. எனவே நிறுவத் தொடங்கினால் வன்தட்டே இல்லை என்று சொல்லும், அல்லது '7பி' என்று முடியும் எண்ணுடன் நீலத்திரை வந்து நிற்கும். டிரைவரைத் தர வேண்டுமானால் எஃப்6 விசையை அழுத்தி ஃப்ளாப்பியைச் செருகச் சொல்லும். புது மடிக்கணினியில் ஃப்ளாப்பிக்கு எங்கே போவது? பயாஸுக்குள் போய் வன்தட்டைப் பழைய ஐடிஇ முறைக்கு மாற்றுவது ஒரு வழி. 'என்லைட்' என்ற மென்பொருளால் டிரைவரையும் சேர்த்துப் புது சிடி எழுதிக்கொள்வது இன்னொரு வழி.

நிறுவி முடித்தால் ஒலி வராது, வயர்லெஸ் வேலை செய்யாது, திரை 640க்கு 480 அளவில் பூதாகரமாகத் தெரியும். இணையமே இல்லாத கணினிக்கு இணையத்திலிருந்து டிரைவர் எடுக்க முடியாது. ஆகவே இன்னொரு கணினியில் தரவிறக்கிப் பென் டிரைவில் கொண்டுவர வேண்டும். கணினி நிறுவனத்தின் தளத்தில் அந்த மாடலுக்கு எக்ஸ்பி டிரைவர் இருக்கிறதா என்பதை முதலிலேயே பார்த்துக்கொள்ளாமல் இறங்கியவர்கள் நடுவழியில் நின்றார்கள்.

விஸ்டாவையும் வைத்துக்கொண்டு இரண்டையும் ஓட்ட நினைத்தவர்களுக்கு வேறு தொல்லை. எப்போதும் பழையதை முதலில், புதியதைப் பிறகு நிறுவ வேண்டும் என்பது விதி. மாற்றிச் செய்தால் எக்ஸ்பி தன் தொடக்க நிரலை எழுதிவிட்டு விஸ்டாவை மறைத்துவிடும். பிறகு விஸ்டா டிவிடியிலிருந்து சரிசெய்ய வேண்டும். சரிசெய்தாலும் எக்ஸ்பியில் நுழையும் ஒவ்வொரு முறையும் விஸ்டாவின் மீட்புப் புள்ளிகள் அழிந்துபோகும்.

கடைசியாக 25 எழுத்துச் சாவி. ஏற்கனவே பயன்பட்ட எக்ஸ்பி சாவி என்றால் இணையம் வழியாக ஆக்டிவேட் ஆகாது. தொலைபேசியில் அழைத்து, தன்னிடம் விஸ்டா உரிமம் இருக்கிறது, டவுன்கிரேடு செய்கிறேன் என்று விளக்கி, நீளமான எண்களை ஒவ்வொன்றாகச் சொல்லி, பதில் எண்ணைக் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும்.

தமிழ் பயன்படுத்துபவர்களுக்கு மேலும் ஒரு படி இருந்தது. விஸ்டாவில் தமிழ் எழுத்துகள் எந்த ஏற்பாடும் இல்லாமலே சரியாகத் தெரிந்தன. எக்ஸ்பியில் கண்ட்ரோல் பேனலுக்குள் போய், மொழிகள் பகுதியில் சிக்கலான எழுத்துமுறைகளுக்கான பெட்டியில் டிக் செய்ய வேண்டும். அது மறுபடி எக்ஸ்பி சிடியைக் கேட்கும். சிடி கையில் இல்லாதவர் திரையில் தமிழ்ப் பக்கங்கள் கட்டம் கட்டமாகவோ, கொம்பும் காலும் தனித்தனியாகப் பிரிந்தோ தெரியும். தமிழைப் பொறுத்தவரை விஸ்டா உண்மையிலேயே ஒரு முன்னேற்றம். வேகத்துக்காக அதை விட்டுக் கொடுத்தார்கள்.

நிறுவனங்கள் இறங்கி வந்தன

இத்தனை தொல்லைக்குப் பிறகும் மக்கள் திரும்பிப் போனதுதான் விற்பவர்களை யோசிக்க வைத்தது. டெல் நிறுவனம் 2007 பிப்ரவரியில் வாடிக்கையாளர்களின் யோசனைகளைக் கேட்க ஒரு தளம் தொடங்கியது. எக்ஸ்பி வேண்டும் என்ற கோரிக்கை அங்கே குவிந்தது. ஏப்ரலிலேயே சில வீட்டு மாடல்களில் எக்ஸ்பியை டெல் மறுபடி கொடுக்கத் தொடங்கியது.

எக்ஸ்பி விற்பனையை 2008 ஜனவரி 30 அன்று நிறுத்துவதாக மைக்ரோசாஃப்ட் சொல்லியிருந்தது. 2007 செப்டம்பரில் அந்தத் தேதியை 2008 ஜூன் 30க்குத் தள்ளிப்போட்டது. அதுவும் போதாது என்று இன்ஃபோவேர்ல்டு என்ற அமெரிக்கக் கணினி இதழ், எக்ஸ்பியைக் காப்பாற்றுங்கள் என்று கையெழுத்து இயக்கம் நடத்தியது. 2 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் கையெழுத்திட்டார்கள். சுமார் 80,000 ஊழியர்களைக் கொண்ட இன்டெல் தன் அலுவலகக் கணினிகளை விஸ்டாவுக்கு மாற்றப் போவதில்லை என்ற செய்தி 2008 ஜூனில் வந்தது. விஸ்டா ஓடுவதற்கான சில்லுகளைச் செய்யும் நிறுவனமே விஸ்டாவைத் தவிர்த்தது!

எக்ஸ்பிக்கு எதிர்பாராத ஆயுளைத் தந்தது ஒரு குட்டிக் கணினி. 2007 அக்டோபரில் ஏசஸ் நிறுவனம் 7 அங்குலத் திரையுடன் ஈ பிசியை வெளியிட்டது. மலிவான அந்தக் கணினியில் லினக்ஸ் இருந்தது. விஸ்டா அதில் நுழையவே முடியாது. நெட்புக் சந்தை முழுதும் லினக்ஸுக்குப் போய்விடும் நிலை. 2008 ஏப்ரலில் மைக்ரோசாஃப்ட், இத்தகைய சிறு கணினிகளுக்கு மட்டும் எக்ஸ்பி ஹோம் தொடரும் என்று அறிவித்தது. 2010 அக்டோபர் வரை எக்ஸ்பியுடன் புது நெட்புக்குகள் வந்துகொண்டிருந்தன.

விஸ்டாவின் தரப்பிலும் நியாயம் உண்டு. 2008இல் சர்வீஸ் பேக் 1 வந்து, டிரைவர்களும் சரியான பிறகு அது வெகுவாகத் தேறியது. அந்த ஆண்டு ஜூலையில் மைக்ரோசாஃப்ட், விஸ்டாவைக் குறை சொன்னவர்களிடம் 'மொஹாவி' என்ற புது இயங்குதளம் என்று சொல்லி விஸ்டாவையே காட்டியது. பார்த்தவர்கள் பாராட்டினார்கள். ஆனால் காட்டப்பட்டது தரமான கணினியில். வீட்டில் 512 எம்பியுடன் போராடியவருக்கு அந்த விளம்பரத்தால் என்ன பயன்?

2009 அக்டோபர் 22 அன்று வந்த விண்டோஸ் 7, விஸ்டாவின் அடித்தளத்திலேயே எழுந்தது. ஆனால் நெட்புக்கிலும் ஓடும் அளவுக்கு இலகுவாக்கப்பட்டிருந்தது. அனுமதிப் பெட்டிகள் குறைக்கப்பட்டன. எக்ஸ்பியில் மட்டும் ஓடும் மென்பொருள்களுக்காக, புரொஃபஷனல் பதிப்புக்கு மேல் 'எக்ஸ்பி மோட்' இலவசமாகத் தரப்பட்டது. எக்ஸ்பிக்குத் திரும்பும் உரிமையும் 2010 ஜூலையில் விண்டோஸ் 7இன் ஆயுள் முழுவதற்கும் நீட்டிக்கப்பட்டது. பின்னோக்கி நடந்தவர்களின் குரல் கேட்கப்பட்டது என்பதற்கு இவையே சாட்சி.

தங்கிவிட்டவர்கள் கொடுத்த விலை

இத்துடன் முடிந்திருந்தால் இது வெற்றிக் கதை. ஆனால் விண்டோஸ் 7 வந்த பிறகும் கோடிக்கணக்கானவர்கள் எக்ஸ்பியிலேயே தங்கிவிட்டார்கள். 2014 ஏப்ரல் 8 அன்று எக்ஸ்பிக்கான ஆதரவு முடிந்தபோது, உலகின் மேசைக் கணினிகளில் கால் பங்குக்கும் மேல் எக்ஸ்பி ஓடிக்கொண்டிருந்ததாகக் கணக்கிடப்பட்டது. ஆதரவு முடிந்தது என்றால் கணினி நின்றுவிடாது. புதிதாக ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டால் அடைக்க ஆள் வராது, அவ்வளவுதான்.

பணம் உள்ளவர்கள் நேரத்தை வாங்கினார்கள். பிரிட்டன் அரசு கூடுதலாக ஓராண்டுத் திருத்தங்களுக்குச் சுமார் 55 லட்சம் பவுண்டு கொடுத்தது. 2015இல் அமெரிக்கக் கடற்படை சுமார் 90 லட்சம் டாலருக்கு ஒப்பந்தம் செய்தது. தமிழ்நாடு அரசு வேறு வழியை யோசித்தது. எக்ஸ்பி ஆதரவு முடிவதையொட்டி, 2014இல் தன் துறைகளை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸுக்கு மாறும்படி அறிவுறுத்தியது. இந்திய ஏடிஎம்கள் நெடுநாள் எக்ஸ்பியில் ஓடின. ஆதரவு முடிந்து நான்கு ஆண்டுகளுக்குப் பிறகு, 2018 ஜூனில்தான் ரிசர்வ் வங்கி கெடு விதித்தது. ஆதரவு இல்லாத இயங்குதளங்களை 2019 ஜூனுக்குள் படிப்படியாக மாற்றச் சொன்னது.

2017 மே 12 அன்று 'வான்னாக்ரை' தாக்கியது. 150 நாடுகளில் 2 லட்சத்துக்கும் மேற்பட்ட கணினிகளில் கோப்புகளைப் பூட்டிவைத்துப் பணம் கேட்டது. இங்கிலாந்தின் பொது மருத்துவச் சேவை அமைப்புகளில் சுமார் மூன்றில் ஒரு பங்கு பாதிக்கப்பட்டது. எக்ஸ்பியால்தான் இந்த நாசம் என்று முதலில் பரவலாகச் சொல்லப்பட்டது. பிறகு ஆராய்ந்தபோது, தாக்கப்பட்டவற்றில் மிகப் பெரும்பாலானவை விண்டோஸ் 7 கணினிகள் என்று தெரிந்தது. அதற்கான திருத்தம் மார்ச் மாதமே வந்திருந்தது, போடாமல் விட்டிருந்தார்கள். எக்ஸ்பிக்கோ போட்டுக்கொள்ளத் திருத்தமே இல்லை. தாக்குதல் நடந்த மறுநாள்தான் விதிவிலக்காக ஒன்று வெளியிடப்பட்டது. ஒருவரிடம் பூட்டு இருந்தும் பூட்டவில்லை, இன்னொருவரிடம் பூட்டே இல்லை.

வழி குறுகியது

விஸ்டா காலத்தில் கடினமாகவேனும் திரும்பிப் போக முடிந்தது. சிடி கையில் இருந்தது, வன்பொருள் ஒத்துழைத்தது. அடுத்த பத்தாண்டில் இந்த வழி குறுகிப்போனது. 2015 ஜூலையில் வந்த விண்டோஸ் 10, பழைய பதிப்புக்குத் திரும்ப ஒரு மாதம் அவகாசம் தந்தது. 2016இல் அது 10 நாளாகக் குறைந்தது. இனி வரும் புதுச் செயலிகள் விண்டோஸ் 10இல் மட்டுமே ஆதரிக்கப்படும் என்று அதே 2016 ஜனவரியில் அறிவிக்கப்பட்டது. 2017இல் புதுச் செயலிகளில் விண்டோஸ் 7 போட்டவர்களுக்குத் திருத்தங்கள் வருவது தடுக்கப்பட்டது. எக்ஸ்பி காலத்தில் டிரைவர் கிடைக்காதது விபத்து. இங்கே தடை திட்டமிட்டே வைக்கப்பட்டது.

2021 அக்டோபரில் விண்டோஸ் 11 வந்தபோது கேள்வி தலைகீழானது. டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லும் குறிப்பிட்ட தலைமுறைச் செயலியும் வேண்டும் என்றதால், நன்றாக ஓடிய கோடிக்கணக்கான கணினிகளுக்கு முறைப்படி முன்னே போகவே வழியில்லை. விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது.

அப்படியானால் விஸ்டாவைத் துடைத்துவிட்டு எக்ஸ்பி போட்டவர்கள் செய்தது சரியா? 2007இல் சரி. தங்கள் கணினிக்குத் தாங்காத ஒன்றை அவர்கள் மறுத்தார்கள். அந்த மறுப்பு விற்பனைத் தேதிகளை மாற்றியது, அடுத்த பதிப்பை இலகுவாக்கியது. 2014க்குப் பிறகும் அதே எக்ஸ்பியில் இணையத்தில் உலாவியவர்கள் செய்தது சரியில்லை. இரண்டுக்கும் நடுவே மாறியது திருத்தங்கள் மட்டும்தான். சிடி, சாவி, டிரைவர் மூன்றையும் வாங்கியவர் பத்திரப்படுத்திக்கொள்ளலாம். திருத்தத்தை மட்டும் எழுதியவர்தான் தர முடியும். கணினி யாருக்குச் சொந்தம் என்று கேட்பவர்கள், எத்தனை ஆண்டுக்குத் திருத்தம் வரும் என்பதையும் வாங்கும் நாளிலேயே கேட்க வேண்டும்.